வெறும் வைட்டமின்தான்

ஜனவரி 6, திங்கள்

தினமும் காலையில் எழுந்ததும் உடம்புச் சூடு பார்த்துக் குறித்து வைக்கும்படி டாக்டர் ஜெசிந்தா சொல்லியிருக்கிறார். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் தேதியையும் எழுத வேண்டுமாம். நான் வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோவில் புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. சூட்டை மட்டும் எழுத இவ்வளவு பெரிய பக்கம் எதற்கு என்று தோன்றியதால் மற்றதையும் எழுதலாம் என்றிருக்கிறேன்.

இன்று 97.4.

கல்யாணமாகி நாலு வருஷம். "வீட்டுக்காரரையும் ஒரு தடவ கூட்டிட்டு வாங்க. அவருக்கு ரொம்ப சின்ன டெஸ்ட்தான்" என்றார் டாக்டர். இவர் சாப்பிடும்போது சொன்னேன். இவர் தலையைத் தூக்கவில்லை. பதில் சொன்னது அத்தைதான்.

"அவனுக்கு என்னட்டி டெஸ்டு? ஆளப் பாத்தா தெரியல?"

பார்த்தால் தெரியும்தான். எழுபத்தைந்து கிலோ குத்துச்சண்டைப் பிரிவில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொம்பையா என்றால் எதிரே வர யோசிக்கிறார்கள். போன தீபாவளிக்கு எடுத்த சட்டை இப்போது தோளில் ஏற மாட்டேன் என்கிறது.

ஜனவரி 15

பொங்கலுக்கு இவருடைய சித்தி வீட்டார் வந்திருந்தார்கள். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது சித்தி என் வயிற்றைப் பார்த்துவிட்டு அத்தையைப் பார்த்தார். அத்தை உதட்டைப் பிதுக்கினார்கள். நான் கரும்பை வெட்டி முடித்தேன். 97.6.

ஜனவரி 29

கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார்கள். வலிக்கும் என்றார்கள். இப்படி என்று சொல்லவில்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்த பிடியில் என் வளையல் ஒன்று வளைந்துவிட்டது.

இவர் ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து இளநீர் வாங்கித் தந்தார். ஆட்டோவில் என் கையை விடவே இல்லை. நல்ல மனுஷன். இதை எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் சில நாள் மறந்துபோகிறது.

டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "உங்ககிட்ட ஒரு குறையும் தெரியலம்மா, செண்பகவல்லி" என்றார். அதைக் கேட்டு சந்தோஷப்பட வேண்டுமா என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11

ஸ்டுடியோவில் ஒரு வளைகாப்பு ஆல்பம். பெண்ணுக்கு முகமெல்லாம் பரு. கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அழித்தேன். சாயங்காலம் வந்து இவருக்கு முதுகு தேய்த்துவிட்டேன். தோளிலிருந்து இடுப்பு வரை பரு. முப்பத்தொரு வயதில் முதுகில் எதற்குப் பரு என்று கேட்டேன். "வேர்வ" என்றார்.

டாக்டர் குறித்துக் கொடுத்த நாள் இன்று. இவர் களைப்பாக இருக்கிறதென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போன மாதமும் களைப்புத்தான்.

பிப்ரவரி 23, ஞாயிறு

இவருடைய பையைத் துவைக்க எடுத்தேன். கை உறை, பல்லுக்கு வைக்கிற ரப்பர், அதற்கடியில் ஒரு டிபன் டப்பா. திறந்தால் நாலைந்து சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஊசிகள். குப்பியில் நல்லெண்ணெய் மாதிரி ஏதோ.

இவர் குளித்துவிட்டு வந்தார். டப்பா மேஜை மேல் இருந்தது.

"வைட்டமின். ரெய்மண்ட் மாஸ்டர் குடுத்தது. அவரு ட்ரெயினிங் குடுக்குற டீம்ல எல்லாரும் போடுறதுதான்."

"நீங்களே போட்டுக்கிடுவீங்களா?"

"இதுல என்ன இருக்கு? வெறும் வைட்டமின்தான், செம்பகம்."

குப்பியில் பெயர் எழுதியிருந்தது. போனில் அடித்துப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆனால் நாளைக்குக் கொடுக்க வேண்டிய ஆல்பம் ஒன்று பாக்கி இருந்தது. பார்க்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

திருநெல்வேலியில் மண்டலப் போட்டி. நானும் அத்தையும் போயிருந்தோம். இவர் கம்பெனி கேட்டில் ஒப்பந்த வேலை பார்க்கிறார், விளையாட்டு வீரர் என்ற கணக்கில். தேசியப் போட்டியில் ஒரு மெடல் வாங்கிவிட்டால் வேலை நிரந்தரம். அதற்கு இங்கே ஜெயித்தாக வேண்டும்.

ஜெயித்தார். இரண்டாவது ரவுண்டு. எதிரே நின்ற பையன் நாசரேத்துக்காரன். கையைக் கீழே விட்டுவிட்டான். அப்புறமும் இவருக்குக் கை நிற்கவில்லை. நடுவர் குறுக்கே வந்து கட்டிப்பிடித்து இழுத்துப் போனார். பையனைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வரிசைக்குப் பக்கத்தில்தான் படுக்க வைத்தார்கள். அவன் அக்கா போலிருக்கிறது, "டேய், என்னப் பாரு, என்னப் பாருடா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

அத்தை எழுந்து நின்று கைதட்டினார்கள்.

பஸ்ஸில் இவர் என் காதருகே சொன்னார்: "நிறுத்தணும்னுதான் நெனச்சேன். முடியல." பையன் பிழைத்து எழுந்துவிட்டான் என்று ராத்திரி போன் வந்த பிறகுதான் சாப்பிட்டார்.

ஏப்ரல் 3

உப்பு கொஞ்சம் தூக்கல். குளியலறைக் கதவை ஒரே குத்து. பலகை பிளந்துவிட்டது. அரை மணி நேரம் கழித்து அந்தக் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதார். வீட்டுச் சொந்தக்காரருக்குத் தெரியாமல் ஒரு காலண்டரை மாட்டி மறைத்திருக்கிறோம். ஆள் உயரத்தில் காலண்டர் மாட்டினால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பாயசம் வைத்தேன். சாப்பிட்டு முடித்ததும் அத்தை பேச்சை எடுத்தார்கள். நான் அடுக்களையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கேட்காதபடிக்கு மெதுவாகப் பேசினார்கள், கேட்கும்படிக்குத்தான்.

"ஒட்டப்பிடாரத்துல ஒனக்குக் கட்டி வைக்க ஒரு புள்ள இருக்கு. தாய் தகப்பன் இல்ல. இவளும் இருந்துட்டுப் போட்டும், நான் யாரையும் வெளிய தள்ளச் சொல்லல."

இவர் கத்தவில்லை, நான் பயந்தபடி எதையும் உடைக்கவுமில்லை. எழுந்து வந்து அடுக்களை வாசலில் நின்று, "நாளைக்கு டாக்டரம்மாட்ட நானும் வாரேன்" என்றார்.

எனக்காக வருகிறார் என்று நினைத்தபோது கண் கரித்தது. சோப்புத் தண்ணீர் பட்டிருக்கும்.

ஏப்ரல் 22

டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார். ஒன்றுகூட இல்லை. இவருக்கு உயிரணு குறைவு என்பதில்லை, ஒன்றுகூட இல்லை.

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய ஆள் அந்தச் சின்ன ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது எனக்கு என்னவோ போலிருந்தது.

"ஊசி ஏதாச்சும் போட்டுக்கிடுறீங்களா? உடம்பு ஏத்த, பலத்துக்குன்னு?"

"இல்ல டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "வைட்டமின் மட்டும் போடுவாங்க டாக்டர். எண்ணெய் மாதிரி இருக்கும்."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. பிடிபட்ட ஆளின் பார்வை.

ஊசியில் உள்ள ஆண் ஹார்மோன் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதை நிறுத்திவிடும் என்றார் டாக்டர். இன்றைக்கே மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். நிறுத்தினால் திரும்பி வரலாம். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகலாம். "சிலருக்கு வராமலும் போகும். ஒரு தடவ வந்தப்புறம் மறுபடியும் போட்டீங்கன்னா, நான் எதுவும் சொல்ல முடியாது."

ஏப்ரல் 23

இவர் அந்தக் குப்பிகளை எல்லாம் உடைத்துக் கழிவறையில் ஊற்றினார். எண்ணெய்ப் பிசுக்கு போக நான் மூன்று வாளி வெந்நீர் ஊற்றினேன்.

"அம்மாட்ட மட்டும் சொல்லிராத, செம்பகம். தாங்கமாட்டா."

சரி என்றேன். நான் தாங்குவேன் என்பதில் இவருக்குச் சந்தேகமே வரவில்லை.

மே 20

எழுத ஒன்றுமில்லை. வெயில். இவர் எழுந்து பல் தேய்க்கவே பதினோரு மணி ஆகிறது.

ஜூன் 7

டி.வி.யில் ஒரு சோப்பு விளம்பரம். குழந்தை சேற்றில் விழும். அதைப் பார்த்து இவர் அழுகிறார். தோள் சரிந்துவிட்டது. பழைய சட்டை எல்லாம் இப்போது சரியாக இருக்கிறது. மார்பில் பனியன் பட்டாலே வலிக்கிறதாம். லேசாக வீங்கி இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு என் முன்னால்கூடச் சட்டையைக் கழற்றுவதில்லை. நாளாவட்டத்தில் சரியாகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஆனால் கோபம் இல்லை. இரண்டு மாதமாக ஒரு சாமான் உடையவில்லை. இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது. இதை இவரிடம் சொல்ல முடியாது.

ஜூன் 19

பயிற்சியில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் இவரைக் கீழே தள்ளிவிட்டானாம். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாந்தி எடுத்தார். என் பெயரைச் சொல்ல வந்து, கொஞ்சம் தேடிவிட்டுச் சொன்னார். அத்தை வெயில் என்று சொல்லி மோர் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதற்கு வரவில்லை. போனால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமாம்.

ஜூலை 8

ரெய்மண்ட் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். அத்தை கோவிலுக்குப் போயிருந்தார்கள். காபி கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை அவரே கழுவி வைத்தார். நல்லபடியாக வளர்ந்தவர்தான்.

"பாரும்மா, ஆகஸ்ட்ல கம்பெனிக்காரங்க லிஸ்ட் போடுதாங்க. இவன் இப்படி இருந்தா பேரு வராது."

"டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க, மாஸ்டர்."

"டாக்டர் ரிங்குக்குள்ள வாராங்களா? எதுக்க நிக்கிறவன் ஊசி ஏத்திட்டு வாரான். இவன் சும்மா போயி நின்னா அடி எங்க விழும்? மண்டையிலதான் விழும். நீ புள்ளயப் பெத்து வச்சிருப்ப. அது யாரு புள்ளன்னு இவனுக்கு ஞாபகம் இருக்கணும்ல?"

நான் கேட்டேன். "எல்லாரும் போடுறதாலதான எல்லாரும் போட வேண்டியிருக்கு? எல்லாரும் நிறுத்திட்டா?"

அவர் சிரிக்கவில்லை. "மொதல்ல யாரு நிறுத்துவா, சொல்லு" என்றார். "நெசமாத்தான் கேக்கேன். எனக்கும் தெரியல."

ஜூலை 25, வெள்ளி

ஆடி வெள்ளி. அத்தை நேர்ந்திருந்தார்கள். பிள்ளை வரம் வேண்டி நான் மண்சோறு சாப்பிட வேண்டும். முந்தின நாளே தெரியும். இவருக்கும் தெரியும். ஏதாவது சொல்வார் என்று ராத்திரி சாப்பாடு வரை எதிர்பார்த்தேன்.

கோவில் பிரகாரத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். எங்கள் வரிசையில் ஏழெட்டுப் பெண்கள். ஈரத் தரையில் கையளவு தயிர்ச்சோறு வைத்துக்கொண்டே போனார் பூசாரி. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டியிட்டுக் குனிந்து, வாயால் எடுத்துச் சாப்பிட வேண்டும். பக்கத்திலிருந்த பெண்ணுக்கு என் வயதுகூட இருக்காது. மூச்சிரைக்கச் சாப்பிட்டாள். அவள் புருஷனுக்கு என்னவோ.

நான் குனிந்தபோது என் சடை முன்னால் சரிந்தது. அது சோற்றில் படாதபடி அத்தை பிடித்துக்கொண்டார்கள். கடைசிப் பருக்கை வரை பிடித்துக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்ததும் தன் முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டார்கள். அவர்களை என்னால் வெறுக்க முடிந்தால் எவ்வளவு லேசாக இருக்கும்.

இவர் தூண் பக்கத்தில் நின்றார். நான் நிமிர்ந்து பார்த்தபோது இல்லை. பைக்கில் உட்கார்ந்திருந்தார்.

ஆகஸ்ட் 12

டாக்டர் ஜெசிந்தா கதவைச் சாத்தாமலே சொன்னார். வர ஆரம்பித்திருக்கிறது. கொஞ்சம்தான். ஆனால் இருக்கிறது, உயிரோடு அசைகிறது.

"அவசரப்படாதீங்க. இப்படியே விட்டுட்டா வந்துரும்."

பஸ் நிறுத்தத்தில் இவர் எனக்கு முறுக்கு வாங்கித் தந்தார். இரண்டு பேரும் முழுப் பொட்டலத்தையும் தின்று தீர்த்தோம். வீட்டுக்கு வந்து ரொம்ப நாளைக்கப்புறம் பாட்டுப் போட்டார்.

ஆகஸ்ட் 27

லிஸ்ட் வந்துவிட்டது. கடைசிப் பெயராக இவர் பெயர் இருக்கிறது. மார்ச்சில் ஜெயித்த மரியாதைக்குப் போட்டிருக்கிறார்கள். நவம்பரில் தேசியப் போட்டி. மெடல் இல்லையென்றால் ஒப்பந்தத்தை நீட்டப் போவதில்லை என்று அதிகாரி கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம்.

செப்டம்பர் 2

நேற்றுப் பயிற்சியில் காதோரம் அடி. இடது பக்கம் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அத்தை பக்கத்து வீட்டில் இருந்தார்கள்.

"ஒரே ஒரு தடவ, செம்பகம். நவம்பர் வரைக்கும். மெடல வாங்கிட்டு, கையக் கழுவிட்டு வந்துருதேன். அதுக்கப்புறம் ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ, காத்திருப்போம்."

"டாக்டர் என்ன சொன்னாங்கன்னு..."

"ஞாபகம் இருக்கு." தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "ரிங்ல நின்னா எனக்குப் பயமா இருக்கு. முன்னால பயந்ததே இல்ல. எங்க இருந்து கை வருதுன்னு தெரியமாட்டேங்குது" என்றார்.

இவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ரசம் பொங்கிவிட்டது. எழுந்து போய் இறக்கி வைத்தேன். திரும்பி வந்தபோது இவர் சாப்பிட ஆரம்பித்திருந்தார்.

செப்டம்பர் 3

டிபன் டப்பா மறுபடி பையில் இருக்கிறது. இனிமேல் பையை அவரே துவைத்துக்கொள்ளட்டும்.

அக்டோபர் 20

தீபாவளி. அதிரசம் பதமாக வந்தது. இவருக்குச் சட்டை ஒரு சைஸ் பெரிதாக எடுத்திருக்கிறேன். டாக்டரிடமிருந்து இரண்டு தடவை போன் வந்தது. எடுக்கவில்லை.

நவம்பர் 14

தேசியப் போட்டிக்குப் போனவர் போன் செய்தார். வெள்ளி மெடல். எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது தலையில் அடி பட்டதா என்பதுதான். இல்லை என்றார். ஊக்கமருந்து டெஸ்ட்டுக்கு மூத்திரம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றார். "மாஸ்டர் நாள் பாத்துத்தான் நிறுத்தச் சொன்னாரு. ஒண்ணும் வராது."

அத்தை தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள் என்றே இருக்கிறது. தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தேன். எல்லாம் போகும். ஆனால் முடிந்தும் போகும்.

நவம்பர் 30, ஞாயிறு

கம்பெனியில் பாராட்டு விழா. யாரும் கதவைத் தட்டவில்லை. வேலை நிரந்தரம் என்று மைக்கில் அறிவித்தார்கள். அதிகாரி எனக்கும் ஒரு சால்வை போட்டார். "அடுத்த பாக்ஸர் எப்பம்மா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். போட்டோவில் நன்றாகத்தான் விழுந்திருக்கும்.

பேச்சின் முடிவில் அதிகாரி, அடுத்த வருஷம் தங்கம் என்று கம்பெனி நம்புகிறது என்றார். இவர் தலையாட்டினார். மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 4

டாக்டரிடம் போனோம். மறுபடியும் ஒன்றுகூட இல்லை. டாக்டர் திட்டவில்லை. திட்டுவார் என்று இவர் தயாராக வந்திருந்தார். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் அத்தை ஒட்டப்பிடாரத்துப் பேச்சை மறுபடி எடுத்தார்கள். வேலை நிரந்தரமான பிறகு பெண்ணை வளர்த்தவர்களிடம் மறுபேச்சு இருக்காதாம். இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். இவர் படக்கென்று எழுந்தார்.

"எம்மா, குறை அவகிட்ட இல்ல. என்கிட்டதான். பலத்துக்கு ஊசி போட்டேன். அதுல எல்லாம் போயிருச்சு. டாக்டரம்மா ரெண்டு தடவ டெஸ்ட் பண்ணிச் சொல்லிட்டாக. இவளுக்கு ஒரு குறையும் இல்ல."

ஒரே மூச்சில் சொன்னார். நான் கரண்டியோடு நின்றேன். இத்தனை மாதமாக நான் காத்துக்கொண்டிருந்தது இதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அத்தை இவரை மேலும் கீழும் பார்த்தார்கள். தோளை, கையை, கழுத்தை. பிறகு கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து வந்து இவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்கள்.

"எஞ் சாமி. பொண்டாட்டி மனசு நோவக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிடுத பாரு. ஒங்க அப்பனுக்கு இந்தக் கொணம் கெடையாது." என் பக்கம் திரும்பினார்கள். "கேட்டியாட்டி? இப்படி ஒருத்தன் கெடைக்க நீ குடுத்து வச்சிருக்கணும். இனி நான் அந்தப் பேச்ச எடுக்க மாட்டேன். இவனுக்காக எடுக்க மாட்டேன்."

"இல்லம்மா, நெசமாத்தான்..." என்றார் இவர்.

"சரிய்யா, சரி. சாப்புடு."

இவர் என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று நான் கண்ணால் கேட்டேன். இவருக்குப் புரிந்தது. ஆனால் முகம் ஏற்கனவே தெளிந்துவிட்டிருந்தது. உட்கார்ந்து இட்லியைப் பிட்டார்.

டிசம்பர் 10

தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் எனக்கு வழி விட்டார்கள். அத்தை தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள். "ஒங்க வீட்டுக்காரர் மாதிரி வருமாக்கா" என்றாள் மாடி வீட்டுப் பெண். ஆமாம் என்றேன். பொய் இல்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

பயிற்சி ஆரம்பித்துவிட்டது. இவருக்கு வலது தோளில் ஊசி குத்திய இடத்தில் முட்டை அளவுக்கு வீக்கம். தொட்டால் கொதிக்கிறது. கையைத் தூக்க முடியவில்லை. அத்தை எண்ணெய் தேய்க்க உட்கார்ந்தவர்கள் திகைத்துவிட்டார்கள்.

"என்னய்யா இது, கல்லு மாதிரி கெடக்கு? எவன் அடிச்சான்?"

இவர் என்னைப் பார்த்தார். அத்தையும் என்னைப் பார்த்தார்கள்.

"பயிற்சியில பட்டிருக்கும் அத்தை" என்றேன். "நான் ஒத்தடம் குடுக்கேன், நீங்க எந்திரிங்க."

அத்தை நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.